.50 ஃபிளின்ட்லாக்குக்கு எந்தக் கருமருந்து? எங்கே, எவ்வளவு வாங்குவது?

சஸ்குவெஹன்னா கரை கேட்டது:

வணக்கம். பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸ் முடிந்ததும் திறக்கும் ஃபிளின்ட்லாக் (கல் உரசிய பொறியில் சுடும் பழைய வகைத் துப்பாக்கி) மான் வேட்டைக் காலத்துக்காக வாய்வழி கெட்டிக்கும் ரைஃபிள் ஒன்று வாங்கியிருக்கிறேன். ஹாக்கன் மாதிரி, .50 காலிபர் (குழலின் உள்விட்டம் அரை அங்குலம்), குழல் வரிகளின் முறுக்கு 48 அங்குலத்துக்கு ஒரு சுற்று. துணி சுற்றிய ஈய உருண்டைதான் சுடப் போகிறேன்.

பக்கத்துக் கடையில் கருமருந்துக்கு மாற்றாக விற்கும் பைரோடெக்ஸும் ட்ரிபிள் செவனும் மட்டும்தான் இருக்கின்றன. "எல்லாம் ஒன்றுதான், அளவும் ஒன்றுதான்" என்கிறார்கள். உண்மையா? கருமருந்தே வேண்டும் என்றால் மணி அளவு 2எஃப்பா, 3எஃப்பா? பேனுக்கு (பொறி விழும் சிறு கிண்ணத்துக்கு) தனியாக 4எஃப் கட்டாயமா? கோஎக்ஸ், ஸ்விஸ், ஷூட்சென் என்று பெயர்கள் அடிபடுகின்றனவே, விலை வித்தியாசத்துக்கு ஏற்ற பலன் உண்டா? வீட்டில் எவ்வளவு வைத்துக்கொள்ளலாம், எதில் வைப்பது?

இன்னொன்று. தெரிந்தவர் வீட்டு கராஜில் பாதி காலியான பழைய டியூபான்ட் கருமருந்துத் தகர டப்பா இருக்கிறது, எடுத்துக்கொள் என்கிறார். எடுக்கலாமா?

---

கஜக்கோல் பதில்:

கடையில் சொன்னதை விட்டுவிடுங்கள். உங்கள் துப்பாக்கிக்கு அந்த இரண்டும் ஆகாது. பற்றும் சூடுதான் இங்கே பிரச்சினை. சக்கிமுக்கிக் கல் எஃகில் உரசி விழும் பொறி பேனில் இருக்கும் மருந்தைப் பற்றவைக்கும். அந்தச் சுடர் டச் ஹோல் என்கிற ஒன்றரை மில்லிமீட்டர் சொச்சம் துளை வழியாக உள்ளே போய், குழலில் கெட்டித்த மருந்தைப் பிடிக்க வேண்டும். அசல் கருமருந்து அந்தத் துளிச் சுடருக்கே பிடித்துக்கொள்ளும். மாற்று மருந்துகள் பற்ற அதைவிட நிறையச் சூடு வேண்டும். பேன் 'புஸ்' என்று எரிந்து அணையும், குழல் அப்படியே இருக்கும். மான் ஓடிவிடும்.

முதலில் கொஞ்சம் கருமருந்து, அதன் மேல் பைரோடெக்ஸ் என்று அடுக்கச் சொல்பவர்களும் உண்டு. அசல் மருந்து கையில் இருக்கும்போது முழு அளவையும் அதிலேயே போட்டுவிடலாமே.

கல்லுக்குப் பதில் கேப்பு (அடித்தால் பொறி தரும் சிறு உலோக மூடி) வைத்துச் சுடும் துப்பாக்கியில் பைரோடெக்ஸ் வேலை செய்யும். அதில் ஆர்எஸ் என்பது 2எஃப்புக்கு இணை, பி என்பது 3எஃப்புக்கு இணை. கன அளவில் கருமருந்துக்குச் சமமாக அளப்பார்கள், எடையில் ஏறக்குறைய முப்பது சதவீதம் குறைவாக இருக்கும். ட்ரிபிள் செவனில் "அளவும் ஒன்றுதான்" என்பது ஆபத்தான பேச்சு. அது சூடான மருந்து. கருமருந்தின் வேகமே போதும் என்றால் கன அளவில் 15 சதவீதம் குறைக்க வேண்டும். பிளாக்ஹார்ன் 209 வேறு வகை, ஷாட்கன் பிரைமர் பொருத்தும் புதிய இன்லைன் துப்பாக்கிகளுக்கு மட்டும்தான்.

புகையில்லா மருந்தை, அதாவது இன்றைய தோட்டாக்களில் இருப்பதை, இந்தக் குழலில் ஒரு சிட்டிகைகூடப் போடக்கூடாது. கருமருந்துடன் கலந்தும் போடக்கூடாது. அழுத்தம் பல மடங்கு ஏறிக் குழல் பிளக்கும். இந்தத் தவறில் கண்ணும் விரலும் போகும்.

இனி பொடியின் அளவு. டப்பாவில் எஃப் எழுத்து எத்தனை முறை இருக்கிறதோ அந்த அளவுக்கு மணி சிறியது. கடைசியில் வரும் சின்ன ஜி, கிராஃபைட் பூசி மெருகேற்றியதைக் காட்டுகிறது. 2எஃப் மணி ஏறக்குறைய 1.2 மில்லிமீட்டரிலிருந்து 0.6 வரை, 3எஃப் 0.84 முதல் 0.3 வரை, 4எஃப் 0.42 முதல் 0.15 வரை. நம் சமையலறைக் கண்ணுக்குச் சொன்னால் 2எஃப் கசகசா, 3எஃப் உப்புமா ரவை, 4எஃப் கோலப்பொடி. மணி சிறுத்தால் எரியும் பரப்பு கூடும், வேகமாக எரியும், அழுத்தமும் ஏறும். ஜி இருக்க வேண்டிய இடத்தில் பெரிய ஏ எழுத்து இருந்தால் அது வாணவேடிக்கைக்கும் வெடிவேலைக்கும் உள்ள தரம். விலை குறைவு என்று அதை வாங்கித் துப்பாக்கியில் போடாதீர்கள். 'ரீஎனாக்டர்' என்று விற்பது குண்டில்லாமல் வெறும் சத்தத்துக்குச் சுடுகிறவர்களுக்கானது. அதில் குறி நிலைக்காது.

.50 உருண்டைக்கு 3எஃப் வாங்குங்கள். .54-க்கு மேல் போனால் 2எஃப் பக்கம் சாய்வார்கள். .69, .75 மஸ்கெட்டுகளுக்கு 2எஃப் அல்லது 1எஃப். இது மரபான பிரிப்பு, சட்டம் கிடையாது. 3எஃப்பின் ஆதாயம் என்ன என்றால், அதே வேகத்துக்கு 10 முதல் 15 சதவீதம் குறைந்த மருந்து போதும், கசடும் குறையும். இதையே திருப்பிப் பார்த்தால், யாராவது 2எஃப் அளவு சொல்லி நீங்கள் 3எஃப் போடுகிறீர்கள் என்றால் அந்த 10–15 சதவீதத்தைக் குறைத்துத் தொடங்க வேண்டும்.

பேனுக்கு 4எஃப் கட்டாயம் இல்லை. குழலில் போடும் 3எஃப்பையே பேனிலும் போடலாம், பற்றும் நேர வித்தியாசம் பெரும்பாலோர் கைக்குத் தெரியாது. வேட்டைக்குப் போகும்போது மருந்து எடுத்துப்போகும் கொம்பு ஒன்று, மருந்தும் ஒன்று என்பது பெரிய வசதி. தனியாக வேண்டுமென்றால் 4எஃப் ஒரு பவுண்டு போதும். ஒரு முறைக்கு 3 கிரெய்ன் என்று வைத்தால் 7000 கிரெய்ன் உள்ள ஒரு பவுண்டில் 2300 தடவைக்கு மேல் வரும். ஆனால் 4எஃப்பைக் குழலுக்குள் முழு அளவாகப் போடக்கூடாது.

பெயர்களைப் பற்றி. ஸ்விஸ், சுவிட்சர்லாந்தின் ஓபோனில் 1853 முதல் நடக்கும் ஆலையின் சரக்கு. மணி ஒரே சீராக இருக்கும், அடர்த்தி கூடுதல், கசடு ஈரப்பதமாக மென்மையாக நிற்கும். அதே அளவையில் ஸ்விஸ் ஊற்றினால் எடை கூடும், வேகமும் கூடும். அதனால் மற்ற மருந்திலிருந்து மாறும்போது பத்து சதவீதம் குறைத்துத் தொடங்குங்கள். ஷூட்சென் ஜெர்மனியில் வானோ ஆலையில் செய்வது. கோஎக்ஸ் அளவுக்கு நிற்கும் அல்லது சற்று மெதுவாக இருக்கும், விலைக்கு நல்ல மருந்து. கோஎக்ஸின் உயர்தரம் ஓல்ட் ஐன்ஸ்ஃபோர்ட், ஸ்விஸ்ஸை நெருங்கும்.

கோஎக்ஸ் பல கை மாறியது. பென்சில்வேனியாவின் மூசிக் ஊரில் டியூபான்ட் ஆலையாக இருந்தது, 1970-களில் கியர்ஹார்ட்-ஓவன் கைக்குப் போனது, பெயரே அதிலிருந்து வந்ததுதான். 1997-ல் லூசியானாவின் மிண்டனுக்கு நகர்ந்தது. 2009-ல் ஹாட்ஜ்டன் நிறுவனம் வாங்கியது, 2021-ல் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது, 2022-ல் எஸ்டிஸ் நிறுவனம் எடுத்துக்கொண்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கடையிலும் சந்தையிலும் வேறு வேறு காலத்து டப்பாக்கள் ஒரே பெயரில் கிடக்கின்றன. பெயர் ஒன்று என்பதற்காகப் பழைய அளவைக் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். லாட் எண் (ஒரே தொகுதியாகச் செய்த சரக்கின் எண்) மாறினால் ஐந்து குண்டாவது சுட்டுப் பார்த்துவிட்டுத்தான் வேட்டைக்கு.

என் தீர்ப்பு: இலக்குப் போட்டியில் முதலிடத்துக்கு நிற்பவருக்கு ஸ்விஸ்ஸின் விலை வீண் போகாது. 50 கஜத்தில் மானுக்குச் சுடுபவருக்கு ஷூட்சென் அல்லது கோஎக்ஸ் 3எஃப் தாராளம். மிச்சமாகும் காசில் ஈய உருண்டையும் நல்ல கல்லும் வாங்கிக் கூடுதலாகப் பயிற்சி செய்யுங்கள்.

---

மரப்பெட்டி பதில்:

கஜக்கோல் மருந்தைச் சொல்லிவிட்டார், நான் வாங்குவதையும் வைப்பதையும் சொல்கிறேன்.

கடையில் அசல் கருமருந்து இல்லாததற்குக் காரணம் உண்டு. மாற்று மருந்துகளைப் புகையில்லா மருந்து வரிசையில் சாதாரண அலமாரியில் வைத்து விற்கலாம். கருமருந்து வெடிபொருள் கணக்கில் வரும். அதை விற்கும் கடைக்கு மத்திய வெடிபொருள் உரிமமும் முறையான கிடங்கும் வேண்டும். மாதம் நாலு டப்பா விற்பதற்கு அந்தத் தொல்லை எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள்.

வாங்குகிறவருக்கு அந்தச் சுமை இல்லை. அமெரிக்க மத்திய சட்டத்தில், ஆலையில் செய்து விற்கும் கருமருந்து 50 பவுண்டு வரை, பழங்காலத் துப்பாக்கி வகையில் விளையாட்டு, பொழுதுபோக்கு, பண்பாட்டு நோக்கத்துக்கு மட்டும் என்றால் விலக்கு உண்டு. முதலில் 5 பவுண்டாக இருந்ததை 1975-ல் 50 ஆக்கினார்கள். "ஆலையில் செய்தது" என்ற சொல்லைக் கவனியுங்கள். வீட்டில் செய்வது இந்த விலக்குக்குள் வராது. செய்யும்போது கை கருகுவது தனிக்கதை, அந்தப் பக்கமே போகாதீர்கள். வாங்கியதை லாபத்துக்கு விற்றாலும் நீங்கள் வியாபாரி ஆகிவிடுவீர்கள், உரிமம் வேண்டும். இதற்கு மேல் மாநிலச் சட்டமும் ஊர்த் தீயணைப்பு விதியும் உண்டு. சில இடங்களில் அவை மத்திய சட்டத்தைவிடக் கடுமை. ஆர்டர் போடுவதற்கு முன் உங்கள் ஊர்த் தீயணைப்பு அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

ஆன்லைனில் வாங்கினால் அபாயப்பொருள் கட்டணம் என்று ஒன்று சேரும். அது பவுண்டுக்கு இல்லை, பெட்டிக்கு. ஒரு பவுண்டு வாங்கினாலும் அதே கட்டணம், இருபது வாங்கினாலும் அதே. ஒரு பவுண்டு டப்பாக்களாக, ஒரு பெட்டியில் 25 பவுண்டு வரை தரைவழியாக அனுப்ப விதி இடம் தருகிறது. அதனால் ஒரு பவுண்டை மட்டும் தருவிப்பது காசுக்குக் கேடு. உங்கள் கணக்கைப் போடுங்கள். குண்டுக்கு 70 கிரெய்ன் என்றால் பவுண்டுக்குச் சரியாக 100 குண்டு. பயிற்சி, அளவு தேடுதல், வேட்டை எல்லாம் சேர்த்து முதல் வருடம் ஐந்து பவுண்டு ஓடிவிடும். ஐந்தும் ஒரே லாட் எண்ணாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், பெரும்பாலும் அனுப்புவார்கள்.

கட்டணத்தைத் தவிர்க்க இன்னொரு வழி, துப்பாக்கிக் கழகங்கள் நடத்தும் கூட்டங்கள். 1933-ல் தொடங்கிய தேசிய மஸ்ஸில் லோடிங் ரைஃபிள் சங்கம் இந்தியானாவின் ஃப்ரெண்ட்ஷிப் ஊரில் ஆண்டுக்கு இருமுறை தேசியப் போட்டி நடத்துகிறது. மருந்து விற்பவர்கள் அங்கே வருவார்கள். நேரில் வாங்கி வண்டியில் கொண்டுவரலாம். வண்டியில் வரும்போது மருந்து அசல் டப்பாவில், மூடி இறுகி, வெயில் படாமல், சிகரெட் இல்லாமல் வர வேண்டும். தபாலில் அனுப்பக்கூடாது. விமானத்தில் கைப்பையிலும் கூடாது, பெட்டியிலும் கூடாது.

டப்பா வந்ததும் முத்திரை உடையாமல் இருக்கிறதா பாருங்கள், லாட் எண்ணையும் திறந்த தேதியையும் மூடியில் எழுதிவிடுங்கள். ஒரு அளவை மருந்தை வெள்ளைத் தாளில் கொட்டி வெளிச்சத்தில் பாருங்கள். மணிகள் தனித்தனியாக, கருங்கல் துணுக்கு மாதிரி மினுங்க வேண்டும். தாளைச் சாய்த்தால் தடையில்லாமல் உருள வேண்டும். மருந்தைத் திரும்பக் கொட்டிய பிறகு தாளில் மெல்லிய சாம்பல் தடம் இருந்தால் பரவாயில்லை. கரித்தூள் அப்பிக்கொண்டு நின்றால் போக்குவரத்தில் குலுங்கி மணி உடைந்திருக்கிறது. கட்டி கட்டியாக விழுந்தால் ஈரம் கண்டது. இரண்டும் நேரத்துக்கு ஒரு வேகம் காட்டும், வேட்டைக்கு வைக்காதீர்கள். கட்டியை உடைத்துப் பயன்படுத்தவும் வேண்டாம்.

வைப்பது எதில்? வீட்டில் 20 பவுண்டு வரை, அசல் டப்பாக்களில், குறைந்தது ஓர் அங்குலப் பலகையில் செய்த மரப்பெட்டியில் என்பது அமெரிக்கத் தீப்பாதுகாப்பு நெறி. எல்லோரும் செய்யும் தவறு, "பத்திரமாக" என்று இரும்புத் துப்பாக்கிப் பெட்டியிலோ இறுக்கமான ராணுவத் தோட்டாப் பெட்டியிலோ பூட்டுவது. கருமருந்து திறந்த இடத்தில் எரிந்தால் பெரும் சுடர். இறுக்கி அடைத்த இரும்புக்குள் எரிந்தால் அந்த இரும்பே சில்லாகப் பறக்கும். டெலவேரில் பிராண்டிவைன் ஆற்றங்கரையில் 1802-ல் டியூபான்ட் தொடங்கிய ஆலையின் கட்டடங்களைப் பார்த்தால் இது புரியும். மூன்று பக்கம் தடித்த கல்சுவர், ஆற்றுப் பக்கம் மட்டும் லேசான சுவர். வெடித்தால் ஆற்றை நோக்கிப் போகட்டும் என்று கட்டியது. மரப்பெட்டியின் கணக்கும் அதேதான். வெளித் தீயிலிருந்து கொஞ்ச நேரம் காக்கும், உள்ளே பிடித்தால் அழுத்தம் சேராமல் விட்டுவிடும்.

பெட்டி இருக்கும் இடம் வெந்நீர்க் கொதிகலன், உலர்த்தும் இயந்திரம், பெட்ரோல் கேன் ஆகியவற்றுக்கு எட்டத்தில் இருக்கட்டும். பூட்டு அவசியம், குழந்தைகள் உள்ள வீட்டில் இரண்டு மடங்கு அவசியம். கேப்புகளை அதே பெட்டியில் வைக்காதீர்கள். கீழே சிந்தியதை வாக்யூம் கிளீனரால் இழுக்காதீர்கள், மோட்டார்ப் பொறி போதும் அதற்கு. ஈரத்துணியால் துடைத்து எடுங்கள். அடுக்குமாடி வாடகை வீடு என்றால் வாடகை ஒப்பந்தத்தையும் படித்துவிடுங்கள்.

பழைய டியூபான்ட் டப்பாவை எடுக்காதீர்கள். வயதுக்காகச் சொல்லவில்லை, உலர்ந்து கிடந்தால் கருமருந்து பல பத்தாண்டு கெடாது. பாதி காலியான டப்பாவில் உள்ளே இருப்பது எது என்று யாருக்கும் தெரியாது. காலி டப்பாவில் புகையில்லா மருந்தைக் கொட்டி வைத்தவர்கள் உண்டு. துருப்பிடித்த மூடியை ஸ்க்ரூடிரைவரால் நெம்ப வேண்டாம். அந்த வீட்டுக்காரரைத் தீயணைப்பு நிலையத்துக்கு போன் செய்யச் சொல்லுங்கள்.

---

சஸ்குவெஹன்னா கரை:

இருவருக்கும் மிக்க நன்றி. ஷூட்சென் 3எஃப் ஐந்து பவுண்டு ஒரே லாட்டில் வந்துவிட்டது. 70 கிரெய்ன், .490 உருண்டை, .018 அங்குலத் துணி, கடையில் விற்கும் எண்ணெய்ப் பசை தடவியது. மூன்று சிக்கல். முதல் ஐந்து குண்டு சுலபமாக இறங்கியது, ஏழாவது பாதிக் குழலில் நின்றுவிட்டது. பத்துக்கு இரண்டு முறை பேன் மட்டும் எரிகிறது. சுட்ட துணிகளைப் பொறுக்கிப் பார்த்தால் சில ஓரம் கருகிக் கிழிந்திருக்கின்றன. மருந்து சரியில்லையா?

---

தீத்துளை பதில்:

மருந்து சரியாகத்தான் இருக்கிறது. அவசரமானதிலிருந்து வருகிறேன்.

பாதியில் நின்ற உருண்டையைச் சுட்டு வெளியேற்றலாம் என்று நினைக்கவே வேண்டாம். மருந்துக்கும் உருண்டைக்கும் நடுவில் வெற்றிடம் இருந்தால் அந்த உருண்டை அடைப்பு மாதிரி வேலை செய்யும். குழல் அந்த இடத்தில் வளையமாக உப்பும், வெடிக்கவும் செய்யும். செய்ய வேண்டியது: பேனைத் துடைத்துக் காலியாக்குங்கள், கல்லைப் பிடித்திருக்கும் குதிரையை இறக்குங்கள், கல் பொறி விழாதபடி ஃபிரிஸனை (கல் உரசும் எஃகுத் தகட்டை) திறந்து வையுங்கள். குழல்வாய் ஆளில்லாத பக்கம், உங்கள் முகமும் அதன் நேரில் இல்லாமல். டச் ஹோல் வழியாகத் தண்ணீர் செலுத்தி உள்ளே உள்ள மருந்தை நனைத்துச் சாகடியுங்கள். பிறகு கெட்டிக்கும் கோலின் முனையில் திருகாணி இழுவையை மாட்டி ஈயத்தில் திருகி இழுங்கள். கோல் மரமாக இருந்தால் முனை கழன்று வரும், அதற்கென்று உலோகக் கோல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

இது நடக்காமலிருக்கக் கோலில் இரண்டு கோடு போடுங்கள். காலிக் குழலில் கோல் தொடும் இடத்தில் ஒன்று, உங்கள் மருந்தும் உருண்டையும் முழுதாக இறங்கியபோது ஒன்று. ஒவ்வொரு குண்டுக்கும் இரண்டாவது கோடு குழல்வாயில் வருகிறதா பாருங்கள். வராமல் பேனில் மருந்து போடக்கூடாது.

ஏழாவது ஏன் நின்றது? கருமருந்து எரிந்ததில் பாதிக்கு மேல் திடப்பொருளாகவே மிஞ்சும், எல்லாம் புகையாகப் போவதில்லை. வறண்ட குளிர்காற்றில் அது ஓடு மாதிரி இறுகும், புழுக்கத்தில் கூழாக நிற்கும். நீங்கள் தடவிய பசை பெட்ரோலிய எண்ணெயில் செய்தது என்றால் அது கசடோடு சேர்ந்து தார் ஆகும். தண்ணீரில் கரையும் எந்திர எண்ணெய் ஒரு பங்கு, தண்ணீர் ஏழு பங்கு என்று கலந்து துணியை நனைத்து உலர்த்திப் பாருங்கள், பழைய ஆட்கள் இதை 'மூஸ் மில்க்' என்பார்கள். ஒவ்வொரு குண்டுக்கும் பிறகு ஒரு ஈரத்துணி, ஈரம் என்றால் பிழிந்த ஈரம். சொட்டும் துணியைத் தள்ளினால் கசடெல்லாம் டச் ஹோலுக்குள் போய்ச் சேரும். ஒரே இறக்கம், ஒரே இழுப்பு, பிறகு உலர்ந்த துணி ஒன்று. மேலும் கீழும் தேய்க்காதீர்கள்.

பேன் மட்டும் எரிவதற்கும் பாதிக் காரணம் இதுதான். கசடு துளையை அடைக்கிறது. கெட்டித்து முடித்ததும் துளையில் ஊசியை விட்டு எடுங்கள், மருந்தில் சுடருக்கு ஒரு வழி உண்டாகும். பேனில் துளை மூடும் அளவுக்கு மருந்தைக் குவிக்காதீர்கள். துளைக்குள் மருந்து நிறைந்தால் அது திரி மாதிரி மெதுவாக எரிந்து உள்ளே போகும், 'புஸ்...டும்' என்று கேட்கும். துளையின் கீழ் விளிம்புக்குச் சற்றுக் கீழே நிற்கட்டும், சுடர் தாவிப் போகும். பேனை ஒவ்வொரு முறையும் உலர்ந்த துணியால் துடைத்த பிறகே புது மருந்து. பழைய கசடு காற்றின் ஈரத்தை இழுத்துப் புது மருந்தை நனைத்துவிடும். தூறலில் இது ஐந்தே நிமிடத்தில் கரிக்குழம்பாகும். அன்றைய முதல் குண்டுக்கு முன் ஆல்கஹாலில் நனைத்த துணியால் குழலில் பூசிய எண்ணெயை அடிவரை எடுத்துவிடுங்கள். எண்ணெய் குடித்த மருந்து பற்றாது.

பற்றாமல் போனால் குழல்வாயை இலக்கின் பக்கமே வைத்து ஒரு முழு நிமிடம் காத்திருங்கள். பிறகு ஊசி, புது மருந்து, மறுபடி. மூன்று முறையும் பற்றாவிட்டால் உருண்டையை எடுக்கும் வழிக்குப் போங்கள்.

துணியைப் பற்றிக் கேட்டது நல்ல கேள்வி. குழல்வாய்க்கு முன்னால் சில கஜத்தில் விழுந்த துணியை விரித்துப் பாருங்கள். நடுவில் உருண்டை உட்கார்ந்த வட்டம் கருத்து, அதைச் சுற்றிக் குழல் வரிகளின் தடம் சீராகத் தெரிந்து, நூல் நூலாக ஓரம் பிரிந்திருந்தால் எல்லாம் சரி. வட்டத்தின் விளிம்பில் துளை விழுந்து கருகியிருந்தால் வாயு ஒழுகுகிறது, துணி மெல்லியது அல்லது பசை போதவில்லை. கத்தி வெட்டியது போல் நேர்க்கோட்டில் கிழிந்தால் புதுக் குழலின் வாய் விளிம்போ வரிகளோ கூராக இருக்கின்றன. நூறு குண்டில் தானே தேய்ந்து சரியாகும். நீங்கள் சொல்வது 'ஓரம் கருகி', அதனால் பசையை மாற்றிப் பாருங்கள்.

70 கிரெய்னில் ஏன் தொடங்கினீர்கள்? .50-க்கு 50 கிரெய்ன் 3எஃப்பில் தொடங்கி, ஐந்து ஐந்தாக ஏற்றி, ஒவ்வொரு படியிலும் ஐந்து குண்டு சுட்டு, இலக்கில் குண்டுகள் நெருங்கி விழும் அளவில் நில்லுங்கள். உங்கள் துப்பாக்கிக் கையேட்டின் உச்ச அளவைத் தாண்ட வேண்டாம். 177 கிரெய்ன் எடையுள்ள உருண்டை காற்றில் வேகமாகத் தளரும். கூடுதல் மருந்தின் வேகத்தில் பெரும்பகுதி நூறு கஜத்துக்குள் கரைந்துவிடும், உதையும் கசடும்தான் உங்களுக்கு மிச்சம்.

---

மஸ்கெட் பதில்:

ஒரு மாற்றுக் கருத்து. .50-லும் 2எஃப் நன்றாகவே போகும், அழுத்தம் சற்று மென்மை. நாளை .58 வாங்கும் எண்ணம் இருந்தால் இரண்டுக்கும் 2எஃப் ஒன்றே போதும், பேனுக்கு மட்டும் நுண்மணி. 3எஃப் ஐந்து பவுண்டு வாங்கிவிட்டதால் இப்போது மாற்ற வேண்டாம், அது தீர்ந்த பிறகு யோசியுங்கள்.

டப்பாவிலிருந்தோ கொம்பிலிருந்தோ நேராகக் குழலில் ஊற்றாதீர்கள் என்று யாரும் எழுதவில்லை, நான் எழுதுகிறேன். முந்தைய குண்டின் கங்கு அடியில் ஒட்டியிருந்தால் 70 கிரெய்ன் எரிவது ஒன்று, கையில் உள்ள முழுக் கொம்பும் எரிவது வேறு. கொம்பிலிருந்து அளவைக்கு, கொம்பை மூடி, பிறகு அளவையிலிருந்து குழலுக்கு. அளவை பித்தளை, செம்பு அல்லது கொம்பில் இருக்கட்டும். அதைத் தட்டித் தட்டி நிரப்பினால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு எடை வரும், தளும்ப ஊற்றி விளிம்போடு வழித்துவிடுங்கள்.

---

சஸ்குவெஹன்னா கரை:

திருகாணி இழுவையால் உருண்டை வந்துவிட்டது, மருந்து நனைந்து கூழாக இருந்தது. கோலில் இரண்டு கோடும் போட்டாயிற்று. வீட்டுக்கு வந்ததும் குழலைக் கொதிக்கிற தண்ணீரில் கழுவலாமா?

---

தீத்துளை பதில்:

கொதிநீர் வேண்டாம். எஃகு சூடேறி, தண்ணீர் ஆவியாகும்போதே செந்துரு படியும். கை பொறுக்கும் வெதுவெதுப்பு போதும், சோப்பு ஒரு சொட்டு. கருமருந்தின் கசடு தண்ணீரிலேயே கரையும், விலையுயர்ந்த கரைப்பான் எதுவும் வேண்டியதில்லை. துணி வெள்ளையாக வரும்வரை, பிறகு உலர்ந்த துணி நாலைந்து, பிறகு மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. லாக்கை (குதிரையும் பேனும் உள்ள பக்கத்து இயந்திரத்தை) கழற்றிப் பேனின் அடியையும் துளையைச் சுற்றியும் துடையுங்கள், கசடு அங்கேதான் ஒளியும். மறுநாள் காலை இன்னொரு வெள்ளைத் துணியைக் குழலில் விட்டுப் பாருங்கள். பழுப்பாக வந்தால் மறுபடி எண்ணெய். சுட்ட அன்றே கழுவ வேண்டும், மழைநாளில் ஒரே இரவில் குழிவிழும்.

குளிரிலிருந்து நேராகச் சூடான அறைக்குள் கொண்டுபோனால் குழலின் உள்ளே வியர்க்கும். வேட்டை முடிந்ததும் வெளியிலேயே சுட்டுக் காலியாக்கி, அதன் பிறகு உள்ளே கொண்டுவாருங்கள்.